இந்த விடுமுறைக்கு எங்கே போகப் போகிறோம்?

 

டிசம்பர் விடுமுறை வருகிறது. எங்கள் ஆசிரியர் குழுவில் இரண்டு கிழமையாக ஒரே பேச்சு, சுற்றுலா எங்கே என்பதுதான். வான் பேசியாயிற்று. தலைக்கு எவ்வளவு என்றும் கணக்குப் பார்த்தாயிற்று. இடம்தான் முடிவாகவில்லை. ஒருவர் கற்பிட்டி என்றார். டொல்பின் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கடலும் மணலும் பிடிக்கும் என்று எல்லாரும் தலையாட்டினோம்.

வீட்டில் வந்து சொன்னபோது உம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டு, "கிடுகுக் கொட்டில்ல அகதியாக் கிடந்த இடத்துக்கு இப்ப காசு குடுத்து விளையாடப் போறதோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் குழுவில் மாற்று யோசனை சொன்னோம். தூரம் வேண்டாம், காங்கேசன்துறைக் கடற்கரைக்கே போவோம் என்றோம். எங்களோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர், மல்லாகத்தில் முகாமில் வளர்ந்தவர், பதில் போடவில்லை. இடைவேளையில் மெதுவாகச் சொன்னார்: "அங்கதான் எங்கட வளவு இருந்தது. நான் வாறன், ஆனா என்னால அங்க சிரிச்சுப் படம் எடுக்க ஏலாது."

ஒரு சுற்றுலாவுக்கு இடம் பார்ப்பது இவ்வளவு பாரமான வேலையா என்று அன்று இரவு யோசித்தோம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறை வரைக்கும் ரெயில் பாதை 1905 இல் பூர்த்தியானது. யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. சுன்னாகத்தில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி தனுஷ்கோடிக்குப் போகும் வழி 1914 இல் திறந்தது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. போர் வந்ததும் அதுவும் நின்றது. அந்தக் காலத்தில் எங்கே போவது என்பதைக் காசும் லீவும் தீர்மானித்தன. பெரியவர்கள் அந்தப் பயணங்களைச் சொல்லும்போது அனுமதி என்ற சொல்லே வராது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பலாலியைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நம்மைச் சுற்றியிருந்த முகாம்களில் இருபது வருடத்துக்கும் மேலாக வாழ்ந்தார்கள். கடல் சில மைல் தூரம்தான். ஆனால் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மொத்தம் 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம், கற்பிட்டிப் பக்கம். நாங்கள் பிறந்ததும் முதல் எழுத்துப் படித்ததும் அங்கேதான். இன்று டொல்பின் பார்க்கப் படகு புறப்படும் ஆலங்குடாப் பகுதியிலும் அன்று அகதிக் கொட்டில்கள் இருந்தன.

ஆக, ஒரே வருடத்தில் ரீச்சரின் குடும்பம் கடற்கரையிலிருந்து முகாமுக்கு வந்தது. எங்கள் குடும்பம் முகாமுக்காக வேறொரு கடற்கரைக்குப் போனது. இரண்டு கடற்கரையும் இப்போது சுற்றுலாத் தலம்.

இங்கே இருந்தவர்களுக்கும் பயணம் இலகுவாக இருக்கவில்லை. புலிகளின் பாஸ் இல்லாமல் குடாநாட்டை விட்டு வெளியேற முடியாது. ஏன் போகிறாய், எத்தனை நாள், யார் பிணை என்று எல்லாம் சொல்லவேண்டும். பிறகு இரவில் கிளாலிக் கடலில் படகு. இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அனுமதி கேட்கும் இடம் மாறியது, கேட்பது மாறவில்லை. பயணத் திட்டத்தை அதிகாரத்தில் இருப்பவருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும், அயலவருக்குச் சொல்லப் பயப்படவேண்டும். அதுதான் அந்தக் காலம். இன்று நாங்கள் குழுவில் திகதியும் இடமும் போட்டுச் சண்டை பிடிப்பது சின்ன விஷயமில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. புத்தளத்திலிருந்து நம்மவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள், கூரையில்லாத சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடியது. போர் முடிந்து அது திரும்பத் திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் நயினாதீவுக்கு வந்தார்கள். 2010 தொடக்கத்தில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அந்த வருடம் போகவேண்டிய 31 இடங்களைப் பட்டியலிட்டு இலங்கையை முதலாவதாகப் போட்டது. அப்போது மெனிக் பாம் முகாமில் இன்னும் மக்கள் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் இலங்கைக்கு உல்லாசம் போகாதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அதே வருடங்களில் அவர்களின் சொந்தக்காரரே நல்லூர்த் திருவிழாவுக்கு விமானம் ஏறி வந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அரசியலின் சூடு யாரைச் சுடும் என்று சொல்ல முடியாது. 2012 செப்டெம்பரில் தஞ்சாவூர்ப் பக்கம் மாதா கோயிலுக்குப் போன இலங்கை யாத்திரிகர்கள் தாக்கப்பட்டார்கள். போரை நடத்தியவர்கள் மேல் இருந்த கோபம், செபமாலையோடு போனவர்கள் மேல் விழுந்தது. தமிழ்நாட்டுக்குப் போகவேண்டாம் என்று இலங்கை அரசு அறிவித்தது.

2019 க்குச் சிறந்த நாடு இலங்கை என்றது லோன்லி பிளனட். அந்த ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மே மாதம் சுற்றுலாப் பயணிகளின் வருகை முந்தைய வருட மே மாதத்தைவிட ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. வெளிநாட்டவர் வரவில்லை என்பது செய்தியில் வந்தது. அந்த வருடம் எங்கள் வீடுகளில் யாரும் பயணப் பேச்சே எடுக்கவில்லை என்பது எதிலும் வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பையைப் பார்க்கும் பார்வையை அஞ்சியே விடுமுறைகள் கழிந்தன.

பிறகு பாதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது. பலாலியிலிருந்து 2019 ஒக்டோபரில் சென்னைக்கு விமானம் பறந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. பாதை திறப்பது அரசாங்கத்தின் வேலை. அந்தப் பாதையால் போய் எதைப் பார்க்கிறோம் என்பது நமது வேலை.

உம்மாவும் ரீச்சரும் எங்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்டது வேறு. போகும் இடத்தில் முன்பு யார் இருந்தார்கள், இப்போது யாருக்கு அங்கே இருக்க முடியவில்லை என்று தெரிந்துகொண்டு போங்கள் என்பதுதான். அது தெரியாமல் போனால் நாமும், நம் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுப் போனவர்கள் மாதிரித்தான்.

இரண்டு நாள் கழித்து உம்மாவே பேச்சை எடுத்தார். "போறதெண்டா போங்கோ. ஆனா எங்களுக்குக் கிணத்தில தண்ணி அள்ள விட்ட பொம்பிளை இன்னும் இருக்கிறாவோ எண்டு பாக்கோணும். நானும் வாறன்." புத்தளத்து மக்கள் தங்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டிராவிட்டால் நாங்கள் இன்று ஆசிரியராக நின்றிருக்க மாட்டோம். அந்த நன்றியைச் சொல்லாமல் டொல்பின் பார்ப்பது சரியில்லை.

ஆகவே திட்டம் இதுதான், எல்லாருக்கும் தெரியட்டும். முதல் நாள் கற்பிட்டி. காலையில் உம்மா காட்டும் இடங்கள், கிணற்றடி, அங்கேயே அடக்கமான நம்மவர்களின் மையவாடி. கடல் அதற்குப் பிறகு. திரும்பி வந்து அடுத்த சனிக்கிழமை காங்கேசன்துறை. ரீச்சர் தன் வளவு இருந்த பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சம்மதித்திருக்கிறார். படம் எடுப்பதா இல்லையா என்று அங்கே அவர் சொல்வார்.

வானில் இன்னும் நான்கு இருக்கை இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். வராதவர்கள் இந்த லீவில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் போக ஆசைப்பட்டுப் போக முடியாமல் போன இடம் எது? பதிலைக் கீழே எழுதுங்கள். அடுத்த வருடத் திட்டத்தை அதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.