பழைய சான்ட்ரோ ஸ்டார்ட் ஆகவில்லையா? பம்ப்பை மாற்றும் முன்...

செம்பரம்பாக்கத்தை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-ல் வெளிவரத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ இன்றும் பல குடும்பங்களில் ஓடுகிறது. செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால், 'பம்ப் போச்சு' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிடுகிறார்கள். பழுது சில ரூபாய் ஃப்யூஸிலும் இருக்கலாம்.

பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பின் சீட்டருகே காது கொடுத்துக் கேட்கட்டும். மெல்லிய இரைச்சல் கேட்கவில்லையா? முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே, பிறகு ஒயர் இணைப்பு. பம்ப் வரை கரண்ட் வந்தும் சுற்றவில்லை என்றால்தான் பம்ப் பழுது.

இரைச்சல் கேட்பதாலேயே பம்ப் நன்றாக இருப்பதாகவும் கொள்ள முடியாது. மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப்பும் தளர்ந்திருக்கலாம். பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் எதையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கெடுக்கக்கூடும். பெட்ரோல் வாடை அடித்தால் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.