கண்டிக் குடியானவரின் கோப்பி: சில வரலாற்றுக் குறிப்புகள்

மலைநாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாறு பெரும்பாலும் பெருந்தோட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அண்மையில் தோட்டம் திறந்தமை, தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்ஸ் 1820களில் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டமை, மேற்கிந்தியக் கோப்பி பெற்றுவந்த தீர்வைச் சலுகையை 1835 இல் பிரித்தானியா நீக்கியமை என அவ்வரலாறு தொடங்கும். இவை பொய்யல்ல. ஆயின் துரைமாரின் தோட்டங்கள் பெருகிய அதே காலத்தில் கண்டிச் சிங்களக் குடியானவரின் வீட்டுத் தோட்டங்களிலும் கோப்பி விளைந்தது என்பதும், 1840கள் வரையேனும் ஏற்றுமதியில் அதன் பங்கு மிகப் பெரிது என்பதும் அடிக்குறிப்புகளுக்குள் ஒடுங்கிவிட்டன. அமீர் அலி போன்ற சிலரே 1970களில் இதனைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தனர்.

ஆங்கிலேயர் 1815 இல் கண்டியைக் கைப்பற்றுமுன்னரே அங்கு கோப்பி அறிமுகமாகியிருந்தது. அதன் இலை கறிக்கும் பூ விகாரை வழிபாட்டுக்கும் பயன்பட்டன. பலா, கமுகு, மிளகு ஆகியவற்றிடையே நின்ற இச்செடிக்குக் கூலியாளும் வேண்டியதில்லை, வங்கிக் கடனும் வேண்டியதில்லை. 1847 இன் விலைவீழ்ச்சியில் துரைமார் பலர் முறிந்துபோகக் குடியானவர் தாக்குப்பிடித்தமைக்கு இதுவே காரணமெனலாம்.

குடியானவனின் பலவீனம் பயிர்ச்செய்கையில் இருக்கவில்லை. பறித்த பழம் கொட்டையாக மாறும் இடத்திலேயே இருந்தது. தோட்டத்தில் பழத்தின் தோலை இயந்திரத்தால் நீக்கி, தொட்டியிலிட்டுப் புளிக்கவைத்து, ஓடும் நீரிற் கழுவி உலர்த்தினர். கிராமத்திலோ காயும் பழமும் ஒன்றாக உருவப்பட்டன. தோலோடு வெயிலிற் காய்ந்து உரலில் இடிபட்டன. கொட்டை உடைந்தது, மணம் கெட்டது. சந்தையில் ஒன்று ‘தோட்டக் கோப்பி’, மற்றது ‘நாட்டுக் கோப்பி’ எனப் பெயர் பெற்றது. பின்னதன் விலை எப்போதும் தாழ்ந்தே நின்றது. தவள மாடுகளோடு மலையேறிவந்த முஸ்லிம் வணிகரிடம், முற்பணம் பெற்றிருந்தால் அவர் சொன்ன விலைக்கு, குடியானவன் அதனைக் கொடுத்தான். வணிகரின் பேராசை என்று கூறி இதனை முடித்துவிடுதல் எளிது. தோலகற்றும் இயந்திரமும் நீர்த்தொட்டியும் மூலதனத்தின் கையிலிருந்தன என்பதே இங்கு அடிப்படை.

அரசும் நடுநிலை வகிக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட இயலாத சேனைகளையும் காடுகளையும் முடிக்குரியனவாகக் கருதிற்று. எஞ்சிய வயலுக்குத் தானிய வரி இருந்தது. பணமாகச் செலுத்தவேண்டிய அவ்வரிக்குக் கோப்பியே கைகொடுத்தது. ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரை எட்டவிருந்த வேளையில், 1869 இல், இலைநோய் தோன்றிற்று. 1880களில் கோப்பி அழிந்தபோது துரைமார் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறினர். குடியானவனுக்கு அவ்வழி இல்லை. வலப்பனையில் வரிப்பாக்கிக்காக வயல்கள் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பட்டினியால் மடிந்தனர் என உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர் எழுதியது பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. வரி 1892 இலேயே நீங்கியது. கோப்பியின் வீழ்ச்சியை ஒரு பூஞ்சணத்தின் கதையாக மட்டும் கூறுவோர் இவ்வேலங்களை மறந்துவிடுகின்றனர்.

ஆபிரகாம் யோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்ததும் அதே 1869 இலேதான். மலையகத் தமிழிலக்கியத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றான அது தோட்டத்தைப் பாடுகின்றது. தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்துக் கோப்பி அதன் பொருளன்று.

இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் 1906 இல் தும்பறையில், மெனிக்கின்னையில், அமைந்ததென்பர். சட்டம் 1911 இல் வந்தது. முற்பணத்துக்காகப் பயிரை அடகுவைத்த தலைமுறைக்கு அது பயன்படவில்லை. கோப்பி அப்போது ஏற்றுமதிப் பயிராகவே இல்லை.

அண்மைக் காலத்தில் கண்டி, கொத்மலைப் பகுதிகளில் உயர்தரக் கோப்பி மீண்டும் பேசப்படுகின்றது. கண்டியை மையமாகக் கொண்ட சிறு இயற்கை விவசாயிகள் சங்கம் போன்ற அமைப்புகள் தேயிலையிலும் வாசனைத் திரவியங்களிலும் நியாய வணிகத்தின் வழியே பெற்ற அனுபவமும் இதற்கு முன்னுள்ளது. சிவந்த பழத்தை மட்டும் பறித்து, அன்றே பொதுநிலையத்திற் சேர்த்து, தோலகற்றிக் கழுவி, ஈரப்பதன் 12 வீதமளவுக்குக் குறையும்வரை தட்டுகளில் உலர்த்துவதே இப்போதைய முறை. சுவைப் பரிசோதனையில் 100 இற்கு 80 புள்ளி பெறும் கோப்பியே ‘சிறப்புக் கோப்பி’ எனப்படும். செடி பழைய வீட்டுத் தோட்டத்துச் செடிதான். தொட்டியும் தராசும் பொதுவாயின என்பதே வேறுபாடு. பெயரளவில் சங்கமாகவும் செயலளவில் கொள்வனவு நிறுவனத்தின் சேகரிப்பு நிலையமாகவும் இயங்கும் இடத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடும் என்பதையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இச்சங்கங்களில் சேர்வதற்குக் காணி வேண்டும். இந்நாட்டுக் கோப்பியை மன்னாரிலிருந்து நடந்துவந்து வளர்த்த தமிழரின் வழித்தோன்றல்களிடம் அதுவே இல்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் அவர்களுக்குக் காணி வழங்கவில்லை. கண்டி மாவட்டத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து அவர்கள் வெளியேறவே நேர்ந்தது. 2015 இன் பின்னர் தனிவீட்டுக்கென வகுக்கப்பட்ட அளவு 7 பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீட்டையும் முற்றத்தையும் கழித்தால் அதில் இருபது கோப்பிச் செடிகளுக்கு இடம் காண்பதே அரிது.