ஒரு டஜன் பேருக்காக

ஆபீசில் டைப் அடித்த காலத்தில், திருத்திய ஸ்டேட்மெண்டை மேஜையிலேயே விட்டு, பழையதை மேலே அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறேன். 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும் இதே கூத்துதான்.

ஸ்டீவ் ஜான்சன் புரோகிராமில் தவறைத் திருத்திவிட்டார். அதை இயந்திர மொழிக்கு மறுபடி மாற்றவில்லை. பழையதிலேயே தவறைத் தேடி ஒரு காலைப்பொழுது வீண். கோபத்தோடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்குள் நுழைந்தார். அந்த வார இறுதியில் ஃபெல்ட்மன் எழுதியதுதான் ‘மேக்’. எந்தக் கோப்பு பிந்தித் திருத்தப்பட்டது என்று நேரத்தைப் பார்த்து, அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி தயாரிக்கும்.

கட்டளை வரி ‘டேப்’ அடித்துத்தான் தொடங்க வேண்டும் என்றொரு விதி. டைப்ரைட்டரில் கட்டம் தாண்ட அடிப்போமே, அதேதான். அது தொல்லை என்று தெரிவதற்குள் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், பழகிவிட்டார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று ஃபெல்ட்மன் மாற்றவில்லை.

பிறகு ஸ்டால்மனும் ரோலண்ட் மெக்ராத்தும், யாரும் திருத்தலாம் என்ற உரிமையோடு ‘குனு மேக்’ எழுதினார்கள். பலர் கைகொடுத்தார்கள். டேப் மட்டும் போகவில்லை.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அடிக்கடி சொல்வார்: தற்காலிகமாகச் செய்ததுதான் நிலைத்து நிற்கும்.