கொழும்பு நகரின் கந்தோர்க் கட்டடங்களும் காலநிலையும்

ஈழத்துத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்னும் சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. அக்கந்தோரின் ‘விறாந்தை’, ‘யன்னல்’ என்னும் சொற்களோ போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. பெயர்களை மேனாட்டார் தந்தனரேனும், அவ்வுறுப்புக்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை வரையறுத்தவை இந்நாட்டின் வெயிலும் மழையுமேயாம். கொழும்பு நகரின் கந்தோர்கள் அவ்விரண்டோடும் இணங்கியும் பிணங்கியும் வந்த வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு நகரம் புவிமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்துள்ளது. ஏப்பிரல் மாதத்தின் முற்பகுதியிலும் செப்தெம்பர் மாதத்தின் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். யூன் மாதத்தில் வடக்கே சாயும். திசெம்பரில் தெற்கே சாயும். ஆகவே வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் நீண்ட இறவாரங்களாற் காத்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் தாழ்ந்து வரும் கதிர்களையோ இறவாரம் தடுக்கமாட்டாது. ஆதலின் கிழக்கு, மேற்குச் சுவர்கள் குறுகியிருத்தல் நன்று. பாலை நிலங்களிலே தடித்த சுவர் இரவின் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமித்து வைக்கும். கொழும்பிலோ பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் வேறுபாடு சிறிதாகையால், அச்சேமிப்பினாற் பெறும் பயனும் சிறிதே. காற்றில் ஈரம் மிகுதியாதலின் வியர்வை எளிதில் உலராது. உடலுக்கு ஆறுதல் தருவன நிழலும் காற்றோட்டமுமே.

வீட்டில் இருப்போர் வெயிலுக்கேற்பத் தம் இடத்தை மாற்றிக்கொள்வர். காலையில் முற்றத்தோரத்திலும் மாலையில் விறாந்தையிலும் இருப்பர். கந்தோரில் எழுதுவோர்க்கு அவ்வாய்ப்பில்லை. பகலின் மிக வெப்பமான நாழிகைகளில் அவர் தம் மேசையை விட்டகலாது இருத்தல் வேண்டும். காற்று வேண்டும், ஆனால் காகிதம் பறத்தலாகாது. ஒளி வேண்டும்; ஆனால் கண் கூசுதலாகாது. யன்னல் திறந்திருத்தல் வேண்டும். ஆனால் மழைச்சாரல் ஏடுகளை நனைத்தலாகாது. இம்முரண்பாடுகளைத் தீர்த்தலிலேயே கந்தோர்க் கட்டடக் கலையின் அருமை தங்கியுள்ளது.

1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தர், ஓட்டுக் கூரைகளையும் நீண்ட விறாந்தைகளையும் முற்றங்களையும் கையாண்டனர். கோட்டையில் இன்றும் நிற்கும் அவர்தம் பழைய மருத்துவமனை இதற்குச் சான்று. பின்வந்த பிரித்தானியர் மாடிக் கட்டடங்களை எழுப்பினரேனும், யோர்க் வீதி போன்ற இடங்களிலே நடைபாதையை வளைவுத் தாழ்வாரங்களால் மூடி, வெயிலும் மழையும் உட்புகாது காத்தனர். அறைகளுக்கு உயர்ந்த முகடுகளை அமைத்தனர். மேலே தொங்கிய பங்காவை ஆள் இழுக்க, உள்ளிருப்போர் காற்று வாங்கினர். ஒருவர் சுகத்துக்காக மற்றொருவர் வியர்த்த அம்முறையை மின்விசிறி பின்னர் ஒழித்தது.

1948 ஆம் ஆண்டிற் சுதந்திரம் கிடைத்தபின், கண்ணாடியும் கொங்கிறீற்றும் முன்னேற்றத்தின் சின்னங்களாகக் கருதப்பட்டன. எனினும், புதுமையை இந்நாட்டு மரபோடு இணைக்க முயன்றோரும் இருந்தனர். அவருள் முன்னோடியாக விளங்கியவர் மின்னெட் டி சில்வா அம்மையார். சட்டம் பயின்று, பின்னர் 1957 இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்ற ஜெப்ரி பாவா மற்றொருவர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகி, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உருக்கும் கண்ணாடியும் அரியனவாகவே, கட்டுவோர் உள்ளூர்ப் பொருள்களை நாடினர். தட்டுப்பாடு கற்பித்த பாடமென இதனைக் கொள்ளலாம்.

அக்காலத்து எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று அல்பிரட் ஹவுஸ் வீதியில் உள்ளது. 1961 இல் மருத்துவர் ஒருவருக்கு இல்லமாகத் திட்டமிடப்பட்ட அச்சிறு கட்டடம், பின்னர் பாவாவின் சொந்தக் கந்தோராயிற்று. அது ஒரே பெருங் கட்டடமன்று; நீண்ட நிலத்தில், கூரையிட்ட கூடங்களும் திறந்த முற்றங்களும் மாறி மாறி வரும் அமைப்பு. கூடங்கள் முற்றங்களை நோக்கித் திறந்தமையால், காற்றும் ஒளியும் தெருவின் இரைச்சலின்றி உள்ளே வந்தன. அலைவடிவச் சீமெந்துத் தகடுகளின் மேல் அரைவட்ட ஓடுகளைப் பரப்பும் முறையையும் பாவா கையாண்டார். தகடு மழையைத் தடுக்கும். ஓடு தகட்டுக்கு நிழல் தரும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு முற்றத்தின் பயனை விளக்க வேண்டுவதில்லை. 1990களின் இறுதியில் இக்கட்டடம் உணவகமாக மாறியது.

இக்கோட்பாடு சிறு கட்டடங்களுக்கே பொருந்தும் எனக் கூறுவார்க்கு, 1976 இல் தொடங்கி 1978 இல் நிறைவுற்ற அரச ஈட்டு வங்கியின் மாடிக் கட்டடம் விடையளித்தது. பேரை வாவிக்கு அருகே, காற்றின் திசை கருதிக் குறுகலாக வரையப்பட்ட அதன் தளங்கள் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியே திட்டமிடப்பட்டன. பொறியியலாளர் பூலோகசுந்தரம் அந்நாளிற் பாவாவின் தொழிற் பங்காளராக இருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஆயினும் 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டமையால், கண்ணாடியும் குளிரூட்டியும் தடையின்றி வந்தன. தட்டுப்பாடு நீங்கவே பாடமும் மறக்கப்பட்டது. திறக்கவியலா யன்னல்களும் மேற்கு வெயிலை நேரே ஏற்கும் கண்ணாடிச் சுவர்களும் நகரில் மலிந்தன. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, இயந்திரத்தையே நம்பிய அறை எத்தகையது என்பது வெளிப்பட்டது.

குளிரூட்டியை முற்றாக விலக்கல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதன் தேவையைக் குறைப்பதே கட்டடத்தின் முதற் கடமை. சிறு கந்தோர் ஒன்றை எழுப்புவோர் படிக்கட்டையும் களஞ்சிய அறையையும் மேற்குப் புறத்தில் வைக்கலாம்; ஓர் அறை அகலமே கொண்டு இருபுறமும் யன்னல் அமைக்கலாம்; உள்மறைப்புக்களை முகடு வரை எழுப்பாது விடலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. வரைபடம் வரையும்போதே வெயிலையும் காற்றையும் எண்ணிப் பார்க்கும் சிந்தனையே வேண்டும்.