கூட்டல் கழித்தலில் தெரிந்த கொழுப்பு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, ஹாஸ்டல் மெஸ் கதையை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதை என்னைவிட நன்றாக எழுத நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் நம் லேபில் படித்த ஒரு சின்ன விஷயம், பல வருடம் கழித்து என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற கதையைச் சொல்கிறேன்.

கம்யூனிகேஷன் லேபில் ஆசிலாஸ்கோப் முன்னால் நிறுத்தி சார் சொல்வார்: "ரெண்டு அலையும் ஒரே ஃபேஸ்ல இருந்தா கூடும். எதிர் ஃபேஸ்ல இருந்தா கழியும். இதை மட்டும் மறந்துடாதீங்கப்பா." ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு நான் மறந்துவிட்டேன்.

34 வயதில் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். என் எடை 67 கிலோ, தொப்பை கூட இல்லை! "அப்பாவுக்கு இருக்கே, பரம்பரை" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். டாக்டர் மட்டும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். 'கல்லீரல் கொழுப்பு 11 சதவீதம்' என்று ரிப்போர்ட் வந்தது. பயத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல் இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எஞ்சினியர் புத்தி, தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1973-இல் பால் லாட்டர்பர், தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களைக் காந்தப் புலத்தில் வைத்துப் படமாக்கிக் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மல்லார்ட் குழு ஒரு நோயாளியின் முழு உடலை ஸ்கேன் செய்தது. ஆனால் அந்தக் காலத்தில் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு என்று சரியாக அளக்க வேண்டுமானால், ஊசி விட்டுத் துளி சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

1984-இல் தாமஸ் டிக்ஸன் ஒரு வழி சொன்னார். நம் சார் சொன்ன அதே பாடம்தான்! தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் அதன் அணுக்கரு விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழல்கிறது. கொழுப்பில் இருப்பது மட்டும் விநாடிக்குச் சுமார் 220 சுற்று பின்தங்கும். அதனால் சுமார் 2.3 மில்லி விநாடியில் இரண்டும் எதிர் ஃபேஸ், 4.6-இல் மறுபடி ஒரே ஃபேஸ். முதல் நேரத்தில் எடுத்த படம் தண்ணீர் கழித்தல் கொழுப்பு. அடுத்தது தண்ணீர் கூட்டல் கொழுப்பு. இரண்டையும் கூட்டினால் தண்ணீர் மட்டும், கழித்தால் கொழுப்பு மட்டும். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா!

காகிதத்தில் சுலபம். நிஜத்தில் காந்தப் புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. தண்ணீர் கொழுப்பாகவும் கொழுப்பு தண்ணீராகவும் மாறித் தெரியும். 1991-இல் குளோவரும் ஷ்னைடரும் மூன்றாவதாக ஒரு அளவு எடுத்து அந்தப் பிழையைத் திருத்தினார்கள்.

இந்த மூன்று புள்ளி முறைதான் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் கைக்குப் போனது. கல்லீரலிலும் கணையத்திலும் சேரும் கொழுப்புதான் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு வேர் என்று 2008-இல் அவர் எழுதியிருந்தார். சோதிக்க 11 நோயாளிகள். எட்டு வாரம், நாளுக்குச் சுமார் 600 கலோரி. 2011-இல் முடிவு வெளியானது. முதல் வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 166-லிருந்து 106-க்கு வந்துவிட்டது. எட்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 ஆனது. கணையத்தில் 8-லிருந்து 6.2, இன்சுலின் சுரப்பும் மெல்ல மீண்டது. பதினோரு பேர் போதுமா என்று கேட்பீர்கள். டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் 306 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர், ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள்.

ஒல்லியான எனக்கு ஏன்? 2004-இல் புனேயின் யாக்னிக்கும் லண்டனின் யட்கினும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடை அளவு ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! தராசு சொல்லாததை ஸ்கேன் சொல்கிறது.

டாக்டர் மேற்பார்வையில் எட்டு கிலோ குறைத்தேன். மறு ஸ்கேனில் கொழுப்பு 4 சதவீதம். இன்று மாத்திரை இல்லை. குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எடை ஏறினால் அதுவும் திரும்பி வரும். ரிப்போர்ட்டை அப்பாவிடம் காட்டினேன். 1998-லிருந்து சர்க்கரையோடு இருப்பவர், இப்போது இன்சுலின். வருடங்கள் கூடக் கூட மீளும் வாய்ப்பு குறையும் என்று அவருக்கும் தெரியும். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இதெல்லாம் யாருடா சொன்னாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நண்பர்களே, ரீயூனியன் விருந்தில் இலை போடும் முன் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும். முப்பது தாண்டியவர்கள் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். மாணவத் தம்பி தங்கைகளே, லேபில் அலையைப் பார்க்கும்போது கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். சார், அந்தப் பாடத்தை இப்போது மறக்கவில்லை!