மின்கலத்தின் மேல் எழுதிய எண்கள்

கைப்பேசி, மின் ஸ்கூட்டர், சூரிய விளக்கு என்று எங்கு நோக்கினும் இன்று லித்தியம் மின்கலங்களைக் காண்கிறோம். அவற்றின் மேல் பொறித்துள்ள எண்களை நீங்கள் ஊன்றிப் படித்ததுண்டா? 3.7 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர்-மணி, 20 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். நம்மில் பலர் பார்ப்பது நடு எண்ணை மட்டுமே. அது பெரிதாக இருந்தால் கலமும் சிறந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தவர் ஏமாறவும் மாட்டார். தீ விபத்துக்கு இடம் கொடுக்கவும் மாட்டார்.

முதலில் வோல்ட்டைப் பார்ப்போம். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800இல் முதல் மின்கல அடுக்கை அமைத்த நாள் முதல் நாம் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஒரு கலத்தின் மின்னழுத்தத்தை முடிவு செய்வது அதன் பருமன் அன்று. அதன் இரு முனைகளிலும் உள்ள பொருள்களே. லித்தியம் உலோகங்களுள் மிக இலேசானது. எலெக்ட்ரானை எளிதில் இழப்பது. 1970களில் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், லித்தியத்தை எதிர்முனையிலும் டைட்டானியம் டைசல்ஃபைடை நேர்முனையிலும் வைத்து இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் பெற்றார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் நேர்முனைக்கு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தினார். மின்னழுத்தம் 4 வோல்ட்டாக உயர்ந்தது!

ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் உலோகத்தின் மேல் ஊசி போன்ற இழைகள் வளர்ந்தன. அவை மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று; பிறகு தீ. 1985இல் ஜப்பானிய அறிஞர் அகிரா யோஷினோ உலோகத்தை நீக்கி, லித்தியம் அயனிகளுக்கு இடம் கொடுக்கும் கார்பன் பொருளை எதிர்முனையில் வைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இத்தகைய கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. மதுரையில் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் பிற்பகுதியில் குட்இனஃபுடன் சேர்ந்து ஆராய்ந்தார். இரும்பு ஆக்சைடுக்குப் பதில் இரும்பு சல்ஃபேட்டை வைத்தால் மின்னழுத்தம் உயர்வதை அவர்கள் கண்டனர். இவ்வழியில் 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் மந்திரமே.

இரும்பு பாஸ்பேட் கலத்தின் அளவு 3.2 வோல்ட். கோபால்ட் வகையைவிட இது வெப்பத்தை நன்கு தாங்கும், நெடுநாள் உழைக்கும். எனவே வோல்ட் எண்ணைப் பார்த்தே கலத்தின் வகையை ஊகிக்கலாம். 3.7 வோல்ட் கலத்தைப் பொதுவாக 4.2 வோல்ட் வரை ஏற்றலாம், 3.2 வோல்ட் கலத்தின் எல்லையோ 3.65 வோல்ட்தான். ஒன்றன் மின்னேற்றியை மற்றொன்றில் பொருத்துவது பெருந்தவறு.

அடுத்து, ஆம்பியர்-மணி. இது மின்னூட்டத்தின் அளவேயன்றி ஆற்றலின் அளவன்று. அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் வாட்-மணியாகிய ஆற்றல் கிடைக்கும். 100 ஆம்பியர்-மணி உடைய 3.2 வோல்ட் கலத்தில் 320 வாட்-மணி உண்டு. அத்தகைய நான்கைத் தொடராக இணைத்த 12.8 வோல்ட் அடுக்கிலும் அதே 100 ஆம்பியர்-மணிதான். ஆற்றலோ 1,280 வாட்-மணி! 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதிய பவர் பேங்க், 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி கொண்டது. 5 வோல்ட்டில் வெளிவரும்போது அது 7,400 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் தர இயலாது. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு வேறு. இது ஏமாற்று வேலையன்று. ஆற்றல் அழிவின்மை விதி.

மூன்றாவது எண் மின்னோட்டத்தின் எல்லை. வேகமாக மின்சாரத்தை இழுத்தால் கிடைக்கும் கொள்ளளவு குறையும் என்று 1897இல் ஜெர்மானியரான பாய்க்கெர்ட் காரீய-அமிலக் கலங்களில் கண்டார். லித்தியம் கலத்தில் இக்குறைவு சிறிதே. வெப்பம்தான் பெரிய தொல்லை. ஒரு மணி நேரத்தில் முழுக்கலமும் தீரும் வேகத்தை 1 சி என்பர். 2,500 மில்லி ஆம்பியர்-மணிக் கலத்துக்கு 1 சி என்பது 2.5 ஆம்பியர், 20 ஆம்பியர் என்பது 8 சி. கொள்ளளவைக் கூட்ட முனைகளின் பூச்சைத் தடிப்பாக்க வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்ட மெல்லியதாக்க வேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே டார்ச் விளக்குக்குக் கொள்ளளவு மிக்க கலமும், துளையிடும் கருவிக்கு மின்னோட்டம் மிக்க கலமும் ஏற்றவை.

இனி நீங்களே சோதித்துப் பாருங்கள். கடையில் 18650 என்ற உருளைக் கலம் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பது இதன் பொருள். ஏறத்தாழ 48 கிராம் எடையுள்ள நல்ல கலத்தில் சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி அடங்கும். அதே உருவத்தின் மேல் 9,900 என்று எழுதியிருந்தால் நம்பலாமா? 3.7ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 37 வாட்-மணி! மேலே கண்ட பவர் பேங்க் முழுவதின் ஆற்றலும் ஒரு விரல் அளவுக் கலத்தில் அடங்குமா? பொய் எண்ணை அச்சிடுவோர், பாதுகாப்பு அமைப்பை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

ஆகவே, கலம் வாங்கும்போது முதலில் வோல்ட், பிறகு கருவி கேட்கும் மின்னோட்டம், இறுதியாக வாட்-மணி என்ற வரிசையில் பாருங்கள். ஒரு பெருக்கல் கணக்குப் போட ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம் உங்கள் பணத்தையும் காக்கும், வீட்டையும் காக்கும்.