கடல் கடந்த பெயர்கள்: ரெயூனியன் தீவுத் தமிழர்

பாட்டன் பெயரைப் பூணுதலால் 'பேரன்' எனும் சொல் பிறந்தது என்பர். தமிழரின் இப்பெயரீட்டு மரபு, இந்துமாக்கடலின் தென்மேற்கே பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரெயூனியன் தீவில் எதிர்பாராத வடிவம் பெற்றது.

1848இல் அத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் பெருந்தொகையினர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றனர். 1860ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. 1882இல் அவ்வழி அடைபட்டது.

சென்றவரெல்லாம் 'இன்னார் மகன் இன்னார்' என்றே அறியப்பட்டவர். பிரெஞ்சுப் பதிவேடோ குடும்பப் பெயரின்றி எவரையும் ஏற்காது. ஆகவே, கப்பலிறங்கிய முத்துசாமியின் பெயரே அவர் வழித்தோன்றல் அனைவர்க்கும் குடும்பப் பெயராய் நிலைத்தது. கொள்ளுப்பேத்தியும் ஒரு முத்துசாமியே!

பெயர்களைச் சிதைத்தனர் எனப் பிரெஞ்சு எழுத்தர்களைப் பழிப்பது எளிது. ஆயினும் அவர்தம் செவி கூரியது. பேச்சுத் தமிழின் 'புள்ளெ' என்பதையே கேட்டவாறு எழுதினர். அத்தீவின் அரசியலாளர் ழான்-பால் விராபுல்லேயின் பெயரில் அவ்வொலி இன்றும் வாழ்கிறது. இரண்டு உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் சகரக் குறி பிரெஞ்சில் அதிர்ந்து ஒலிக்கும். அதனைத் தவிர்க்கவே ராமசாமியின் சகரத்தை இரட்டித்து எழுதினர். புதுச்சேரிப் பிரெஞ்சு எழுத்துமுறையில் முருகன் என்பதன் ஈற்றில் ஓர் எகரக் குறி சேர்வதும் இத்தகையதே. அஃதின்றேல் னகரம் மூக்கொலியாய்க் கரைந்துவிடும்.

துன்பம் முதற்பெயரில்தான் இருந்தது. நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களும் பண்டை வரலாற்று மாந்தர் பெயர்களுமே குழந்தைக்கு இடத்தக்கவை என்றது 1803ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் அந்நாட்காட்டி கிறித்தவப் புனிதர்களுடையது. எனவே பதிவேட்டில் ஒரு ழானோ மரியோ எழுதப்பட, மாரியம்மன் கோயிலிலும் வீட்டிலும் வேறொரு தமிழ்ப் பெயர் வழங்கியது. பள்ளியில் அழைக்கப்படாத அப்பெயர், தாயின் குரலில் மட்டுமே உயிர்த்திருந்தது. 1966இல் சிறிது தளர்ந்த இக்கட்டுப்பாடு, 1993 சனவரி 8ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கியது. குழந்தையின் நலனுக்கு ஊறு செய்யாத எப்பெயரையும் பெற்றோர் இன்று இடலாம்.

சட்டம் விலகினும் ஒலி விலகவில்லை. ழகரத்தைப் பிரெஞ்சு நா அறியாது. கயல்விழி அங்கே தன் அழகை இழப்பாள். உமா என்பதை ஆங்கில முறையில் எழுதினால் உகரம் இதழ் குவிந்த இகரமாகத் திரியும். மோகனின் ககரம் ஊமையாகும். ரவி தப்பித்துக்கொள்வான். கதிரவனைக் குறிக்கும் அப்பெயர் பிரெஞ்சில் 'பெருமகிழ்வுற்றவன்' எனவும் பொருள்படும். இத்தகைய நற்பேறு எல்லாப் பெயர்க்கும் வாய்ப்பதில்லை. லலிதா, மீனா போன்றவை இரு மொழியிலும் பெரிதும் சிதையாதவை.

அத்தீவில் லலிதா முத்துசாமி என்றொரு குழந்தையின் பெயர் பதியப்பட்டால், அதைக் கேட்கும் காரைக்கால்காரர் முத்துசாமியை அவள் தந்தை என்றே கொள்வார்.